போகும்போது மட்டும் வரும் மிஸ்ஸிங்

ஷெட்டுக்குள் நுழைந்ததும் சில வண்டிகளுக்கு நோய் மறைந்துவிடும். மெக்கானிக் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இது இன்னும் நேரவில்லை என்றால் சீக்கிரமே நேரும். வண்டியைக் கொண்டு வந்தவர், ‘மிஸ்ஸிங் அடிக்குது, பிக்கப் குடுத்தா தும்முது’ என்பார். நீங்கள் ஸ்டார்ட் செய்தால் இஞ்சின் தையல் மெஷின் மாதிரி சீராக ஓடும். அப்போது உங்களுக்கு முதலில் யார்மேல் சந்தேகம் வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். எனக்கு வந்தவர்மேல் வந்தது. மந்தைவெளியில் முப்பத்தெட்டு வருஷம் வண்டி பார்த்துவிட்டு, கையைக் கழுவி வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தச் சந்தேகம் என்னை உறுத்துகிறது.

பிளக், காயில், இன்ஜெக்டர் பற்றியெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஸ்கேனரைச் சொருகினால் உங்களுக்குத் தெரிந்துவிடும். இது ஸ்கேனரில் பதியாத ஒரு கேஸ்.

சாந்தோமில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தெருவிலிருந்து ரெஜினா டீச்சரும் அவர் கணவர் ஆரோக்கியம் சாரும் என்னிடம் வருவார்கள். டீச்சர் கணக்கு வாத்தியார். ரிட்டயர் ஆகி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. சார் தபால் ஆபீசில் இருந்தவர். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்த புதிதில் வாங்கிய சின்ன கார் அவர்களுடையது. வயது இருபதைத் தாண்டிவிட்டது. சாருக்கு ஓட்டத் தெரியாது. வாங்கிய நாளிலிருந்து டீச்சர்தான் ஓட்டுகிறார். ஒரே பையன் ஆல்பர்ட் பெங்களூரில் இருந்தான்.

சாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஒன்பதரைக்கு அங்கே இருக்க வேண்டும். தவறினால் மெஷின் அடுத்தவருக்குப் போய்விடும். மெட்ரோ ரயிலுக்காகச் சாலையைத் தோண்டி, இரண்டு பக்கமும் தகரம் அடித்து, வண்டிகள் எறும்பு போல ஊர்ந்துகொண்டிருந்த நேரம் அது.

முதல் தடவை வந்தபோது டீச்சர் தெளிவாகவே சொன்னார்.

“சேகர், ஸ்லோ பண்ணி மறுபடி ஆக்சிலேட்டர் குடுக்கும்போது ஒரு குலுக்கு குலுக்குது. இழுக்கவே மாட்டேங்குது. ரெண்டு செகண்டுல சரியாயிடுது.”

“எப்பவுமா டீச்சர்?”

“இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போறப்பதான். வர்றப்ப பண்ணல.”

நான் சிரித்துவிட்டேன். “வண்டிக்குப் போறது வர்றது தெரியாது டீச்சர்.”

அவரும் சிரித்தார். “அதான் எனக்கும் புரியல. ஒரு நோட்ல எழுதிட்டு வர்றேன். பாக்கறீங்களா?”

“டேஷ்போர்டுல வெச்சிட்டுப் போங்க, அப்புறம் பாக்கறேன்.”

பார்க்கவில்லை. பிளக்கை மாற்றினேன், பில்டரை மாற்றினேன். மைலாப்பூர் குளத்தைச் சுற்றி ஒரு ட்ரயல் போனேன். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. பத்து நாளில் டீச்சர் திரும்பி வந்தார். இந்தத் தடவை காயிலையும் பெட்ரோல் பம்பையும் பார்த்தேன். எங்கள் எலக்ட்ரீஷியன் தேசிங்கைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அடையாறு வரைக்கும் நானே ஓட்டிப் போய்த் திரும்பினேன். ஒரு தும்மல்கூட இல்லை. தேசிங்கு வழி முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து செல்போனில் பேசிக்கொண்டு வந்தான்.

மூன்றாவது தடவை வண்டி தானாக வரவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை அடையாறு பாலத்தின் நடுவில் குலுங்கி, நின்றே போய்விட்டது. பின்னால் பஸ்கள் ஹாரன் அடிக்க, யாரோ இரண்டு பேர் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். டீச்சர் சாரைக் கைத்தாங்கலாக இறக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பத்தரை. மெஷின் வேறொருவருக்குப் போய்விட்டது. மூச்சு வாங்க, கால் வீங்க, சாயந்திரம் வரை வராந்தாவில் காத்திருந்திருக்கிறார் சார்.

மறுநாள் டீச்சர் ஷெட்டில் வந்து நின்றபோது முகம் வெளுத்திருந்தது. நான் அதற்குள் வண்டியைக் கட்டி இழுத்து வந்து, காலையிலிருந்து ஓடவிட்டுப் பார்த்திருந்தேன். ஒன்றுமில்லை. தேசிங்கு என் காதருகே வந்தான்.

“இன்னா நைனா, மூணாவது தபா. வண்டில ஒண்ணுமே இல்ல. அந்தம்மா க்ளட்ச் மேலயே கால வெச்சிகினு ஓட்டுதாட்டம் கீது. வயசாயிடுச்சில்ல.”

எனக்கு அது வசதியாக இருந்தது. என் வேலை சரி என்றால் வேறு எங்கோதான் தப்பு இருக்க வேண்டும். டீச்சரிடம் போய் மெதுவான குரலில், மரியாதையாகத்தான் சொன்னேன்.

“டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. வண்டி நல்லா இருக்கு. நீங்கதான் க்ளட்ச்ச கொஞ்சம் அவசரமா விடுறீங்கன்னு நெனைக்கறேன். டிராஃபிக் வேற. வயசுக்குக் கொஞ்சம் சிரமம்தான்.”

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. நான் நீட்டிய சாவியை வாங்கி, திரும்ப என் மேஜைமேலேயே வைத்துவிட்டார்.

“இருக்கலாம்,” என்றார். “இருக்கலாம் சேகர்.”

வண்டியை எடுக்காமல், நடந்து போய் ஆட்டோ பிடித்தார். இருபது வருஷமாகத் தானே ஓட்டி வந்த ஒரு மனுஷி தெருமுனையில் நின்று ஆட்டோவுக்குக் கை நீட்டியதைப் பார்த்தும் நான் உள்ளே போய் வேறொரு வண்டியின் பானெட்டைத் திறந்தேன்.

பத்து நாள் கழித்து போன் வந்தது. “ஆல்பர்ட் வண்டிய வித்துடச் சொல்றான் சேகர். சாரும் ஒண்ணும் சொல்லல. நல்ல ஆளா பாத்துக் குடுத்துடுங்க. எங்கயும் நிக்காத வண்டின்னு சொல்லியே குடுங்க. நீங்கதான் சரியா இருக்குன்னு சொன்னீங்களே.”

குத்திக் காட்டவில்லை. நம்பித்தான் சொன்னார்.

விற்கிற வண்டியை முதலில் காலி செய்ய வேண்டும். டேஷ்போர்டைத் திறந்து இன்சூரன்ஸ் பேப்பர், ஜெபமாலை, சாரின் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன். அடியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. மேலே அழகான கையெழுத்தில் ‘வண்டி’ என்று எழுதியிருந்தது.

உள்ளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கட்டம் கட்டியிருந்தார். தேதி, நேரம், இடம், ஏசி உண்டா, மழையா வெயிலா, வண்டியில் யார். ‘பட்டினப்பாக்கம் சிக்னல் தாண்டி. ஏசி இல்லை. வெயில். நானும் அவரும். குலுக்கல்.’ ‘மீன் வாங்கப் போனேன். தனியாக. ஒன்றுமில்லை.’ ‘ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினோம். மழை. அவர் சீட்டைச் சாய்த்துத் தூக்கம். ஒன்றுமில்லை.’ ‘பாலவாக்கம், தங்கை வீடு. தனியாக. ஒன்றுமில்லை.’

ஷெட் நடுவில் நின்றபடியே படித்தேன். வண்டி குலுங்கிய ஒவ்வொரு தடவையும் சார் பக்கத்தில் இருந்திருக்கிறார். விழித்திருந்திருக்கிறார். டீச்சர் தனியாகப் போன ஒரு தடவைகூடக் குலுங்கவில்லை. க்ளட்ச்சை அவசரமாக விடுகிற கால் மீன் மார்க்கெட்டுக்குப் போகும்போது மட்டும் நிதானமாகிவிடுமா?

கடைசி இரண்டு வரி: ‘அடையாறு பாலம். நின்றுவிட்டது.’ அதற்குக் கீழே, கட்டத்துக்கு வெளியே: ‘நான் சரியாக ஓட்டவில்லையாம்.’

அன்று வண்டியை எடுக்காமல் போனார் என்று எழுதினேன் அல்லவா. கிளம்பும் முன் அவர் வண்டிக்குள் குனிந்ததைப் பார்த்து, ஏதோ சாமானை எடுக்கிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் இந்த வரியை எழுதியிருக்கிறார்.

உடனே போன் செய்தேன். “டீச்சர், விக்கறதுக்கு முன்னால ஒரு நாள் நீங்க ஓட்டணும். சார் எப்பவும் போல முன்னால ஒக்காரட்டும். நான் பின்னால வர்றேன்.”

“எனக்கு பயமா இருக்கு சேகர்.”

“நின்னா எறங்கித் தள்ள நான் இருக்கேன். சீக்கிரமே கெளம்பிடலாம்.”

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கே கிளம்பினோம். நான் டீச்சருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அங்கிருந்து சாரை முழுசாகப் பார்க்கலாம். ஸ்டார்ட் செய்த நிமிஷத்திலிருந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே சாரும் வண்டி ஓட்ட ஆரம்பித்தார்.

“பஸ் வருது ரெஜி.”

“கண்ணு தெரியுது.”

“அவன் இண்டிகேட்டர் போடல, திரும்பப் போறான் பாரு.”

“பாத்துட்டேன். நீங்க சும்மா வாங்க.”

“ஸ்லோ, ஸ்லோ, ஸ்லோ.”

ஒவ்வொரு ‘ஸ்லோ’வுக்கும் அவருடைய வலது கால் நேராக நீண்டு தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. ஆனால் இருப்பது போலவே மிதித்தார், முழங்கால் விறைக்க, கை கதவைப் பிடிக்க. பட்டினப்பாக்கத்தில் ஒரு தண்ணி லாரி குறுக்கே வந்தது. டீச்சர் பிரேக் போட்டார். சார் அதைவிட பலமாகப் போட்டார். லாரி விலகி, டீச்சர் ஆக்சிலேட்டரைக் கொடுத்ததும் வண்டி உடம்பெல்லாம் உதறியது.

“பாத்தீங்களா,” என்றார் டீச்சர்.

“சார்,” என்றேன், “லாரி இல்லாம ஒரு தடவ மிதிங்க.”

“எத?”

“அதான், அந்தக் கால. அதே எடத்துல.”

மிதித்தார். வண்டி குலுங்கியது. காலை எடுத்தார். சரியானது. இன்னொரு தடவை மிதித்தார். இஞ்சின் அணைந்துபோகும் நிலைக்குப் போய்த் தப்பித்து வந்தது. அவர் காலையே குனிந்து பார்த்தார், அது வேறு யாருடையதோ போல.

பாலத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். டீச்சர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “ஓரமா நிறுத்தட்டுமா சேகர்?”

இந்த இடத்தைக் கவனியுங்கள். மாதக்கணக்கில் தேடிய பழுது கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. சாரின் காலுக்குக் கீழே, கார்ப்பெட்டுக்கு அடியில் ஏதோ ஓர் ஒயர்; கார்ப்பெட்டைத் தூக்கினால் போதும். ஆனால் பிரித்த பிறகு அந்த ஒயர் என்ன நிலையில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒன்பதாகப் போகிறது, சாருக்கு மெஷின் ஒன்பதரைக்கு. ஓடுகிற வண்டியை நடுவழியில் பிரிக்கக் கூடாது. ஓரமாக நிறுத்தச் சொல்லி, சாரைப் பின்னால் உட்கார வைத்தேன். முன்சீட்டுக்கு நான் போய், தேசிங்கு மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வண்டி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பாலத்தைக் கடந்தது. ஒன்பது பத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம்.

சார் உள்ளே போன பிறகு, பார்க்கிங்கில் கார்ப்பெட்டைத் தூக்கினேன். இன்ஜெக்டருக்கும் காயிலுக்கும் கரண்ட் கொண்டுபோகிற ஒயர் சரியாக அவர் குதிகால் படுகிற இடத்தில் ஓடியது. அதில் ஒரு ஜாயின்ட். ஈயம் உருக்கி வைத்து ஒட்டாமல், இரண்டு முனையையும் முறுக்கி டேப் சுற்றியிருந்தது. டேப்பின் முனை பிரிந்து வராமல் இருக்க அதன்மேல் நூல் கட்டியிருந்தது. ஒயரின் உள்ளே இழைகள் அறுந்து, இரண்டு மூன்றுதான் மிச்சம். மிதிக்கும்போதெல்லாம் அவை விலகியிருக்கின்றன.

டேப்பின்மேல் நூல் கட்டுகிற ஆள் எங்கள் ஷெட்டில் ஒருவன்தான். நான்தான்.

நகரமே தண்ணீரில் நின்ற வருஷம் அந்த வண்டியிலும் சீட்டு வரை தண்ணீர். எங்கள் தெருவில் வரிசையாக வண்டிகள் காத்துக் கிடந்தன. துருப்பிடித்த ஒயரை வெட்டி அப்போதைக்கு முறுக்கி வைத்தேன். கார்ப்பெட் காய்ந்ததும் பிரித்து ஈயம் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். கார்ப்பெட் காய்ந்தது, நான் மறந்தேன். அந்த முறுக்கு இத்தனை வருஷம் தாங்கியதே பெரிது. மெட்ரோ வேலையால் சாலை நெருக்கடியாகி, சாரும் முன்னைவிட அதிகமாக மிதிக்க ஆரம்பித்தபோதுதான் அது தளர்ந்திருக்கிறது.

நான்கு மணி நேரம் அந்தப் பார்க்கிங்கில் இருந்தேன். தேசிங்கை வரவழைத்து, அவன் கொண்டுவந்த சாமான்களை வைத்துப் புது ஒயர் போட்டு, ஈயம் வைத்து, கால் படாத உயரத்தில் ஏற்றிக் கட்டினேன். பழைய ஜாயின்டைப் பார்த்ததும் அவனுக்கும் புரிந்துவிட்டது.

“வுடு நைனா,” என்றான். “சாரு கால்தான காரணம். பொய்யா சொல்லப் போற? நூல பத்தி யாரு கேக்கப் போறா?”

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் அதிலிருந்த ஆபத்து.

இரண்டு மணிக்கு டீச்சர் சாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். சார் களைத்திருந்தார், ஆனால் கண்ணில் ஆவல்.

“என்ன சேகர், என் கால்தானா?”

“கால் பட்ட எடத்துல ஒயர் போகுது சார்.”

அவர் சிரித்தார். “கல்யாணம் ஆன நாள்லருந்து இவ ஓட்டற எல்லாத்துலயும் பிரேக் போட்டுட்டுதான் வர்றேன். ஒரு தடவகூட எதுவும் நின்னதில்ல. இப்பதான் ஒரு வண்டி நான் சொன்னபடி நின்னிருக்கு.”

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாரக்கணக்கில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அப்படியே விட்டிருந்தால் நல்ல கதையாக முடிந்திருக்கும், ஷெட்டில் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்திருப்போம்.

சார்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். தன் வீங்கிய காலைப் பார்த்தார்.

“அப்ப பாலத்துல நின்னதும் என்னாலதான். உன்ன வேற ஓட்டத் தெரியலன்னு சொல்ல வெச்சிட்டேன். இனிமே நான் பின்னாலயே ஒக்காந்துக்கறேன் ரெஜி. இல்ல, ஆட்டோல போய்க்கறேன். உனக்கு ஏற்கனவே என்னால எவ்ளோ தொல்லை.”

ஏற்கனவே தன்னைப் பாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற மனுஷரின் தலையில் என் சோம்பலையும் ஏற்றப் பார்த்தேன். பாக்கெட்டில் போட்டிருந்த பழைய ஜாயின்டை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

“சார், கார்ல யாரு வேணா எங்க வேணா கால் வெக்கலாம். அதுக்குத்தான் தரை இருக்கு. இது நான் போட்ட ஜாயின்ட். அந்த மழை வருஷம் ஈயம் வெக்காம அவசரத்துல முறுக்கிட்டு விட்டுட்டேன். தப்பு உங்க கால்ல இல்ல. டீச்சர் கால்லயும் இல்ல. என் கைல.”

தேசிங்கு வேறு பக்கம் பார்த்தான். சார் அந்த ஒயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீச்சர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் முன்னால் நின்ற பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

“சேகர்,” என்றார், “ஒயர விடுங்க. அது யாருக்கும் நடக்கும். ஆனா எனக்கு வயசாயிடுச்சு, க்ளட்ச் தெரியலன்னு சொன்னீங்களே. அத இவர் எதிர்ல திருப்பி வாங்கிக்கோங்க.”

“டீச்சர் நல்லா ஓட்டறாங்க சார்,” என்றேன். “இன்னிக்கு பின்னால ஒக்காந்து பாத்தேன். நான் சொன்னது தப்பு. நோட்ட படிச்சிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். படிக்கல.”

“சரி,” என்றார் டீச்சர். “ஏறுங்க, போலாம்.”

திரும்பும்போது சார் முன்சீட்டில்தான் உட்கார்ந்தார். சீட்டைச் சாய்க்கவும் இல்லை, தூங்கவும் இல்லை. பட்டினப்பாக்கம் வரைக்கும் ஒன்பது தடவை பிரேக் போட்டார். நான் எண்ணினேன். வண்டி ஒரு தடவையும் கண்டுகொள்ளவில்லை.

அவர்கள் வண்டியை விற்கவில்லை. அதன் பிறகு இரண்டு வருஷம், வாரம் மூன்று நாள், டீச்சர்தான் ஓட்டினார். நான் அந்த வண்டியில் இன்னும் நான்கு பழைய முறுக்கைத் தேடிப் பிரித்து ஈயம் வைத்தேன். மழை வருஷத்தில் நான் பார்த்த மற்ற வண்டிக்காரர்களுக்கும் போன் செய்து ஒவ்வொருவராக வரச் சொன்னேன். சிலர் என்னைத் திட்டினார்கள். ஒருவர் வேறு ஷெட்டுக்குப் போய்விட்டார். அதுவும் நியாயம்தான்.

வாடிக்கையாளர் சொல்வது வினோதமாக இருந்தால் சிரிக்காதீர்கள். எழுதி வைத்ததைக் கொடுத்தால் அங்கேயே நின்று படியுங்கள். யார் ஓட்டினால் வருகிறது என்று கேட்பதோடு விடாமல், பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றும் கேளுங்கள். உங்கள் வேலை சரி என்று உறுதியாகத் தோன்றும்போது, முன்பு உங்கள் கை பட்ட இடங்களை முதலில் பாருங்கள்.

ஆரோக்கியம் சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், தூக்கத்திலேயே போய்விட்டார். தேசிங்கும் நானும் சாந்தோம் வீட்டுக்குப் போனோம். கூடம் நிறைய சர்ச் பங்கு மக்கள். டீச்சர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, பெங்களூரிலிருந்து வந்திருந்த மகனைக் கூப்பிட்டார். அவன் என்னை அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் மெக்கானிக் என்றோ, இருபது வருஷமாக அவர்கள் வண்டியைப் பார்க்கிறேன் என்றோ அவர் சொல்லவில்லை.

“ஆல்பர்ட், சேகர்டா,” என்றார். “தப்பு அப்பா மேல இல்லன்னு சொன்னாரே, அவர்.”